கதிராமத்தம்பியின் வெள்ளிக் காது

போன மாதம் சில இளைஞர்கள் சவர்க்காரப் பெட்டிக்குள் செய்த றேடியோ ஒன்றை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். எல்லாரும் தந்திக் கந்தோரில் வேலை செய்கிற பிள்ளைகள். வேலை முடிந்த பிறகு ஒருவர் வீட்டில் கூடி, கழித்த சாமான்களை வைத்து மணி, விளக்கு, றேடியோ என்று தங்கள் கையாலேயே எதையாவது செய்து பார்ப்பார்களாம். கையெழுத்துச் சஞ்சிகை ஒன்றும் நடத்துகிறார்கள்.

"ஐயா, உங்கட காலத்தில கடையில ஒண்டும் இல்லையே, எதை வச்சு என்னத்தச் செஞ்சீங்க? எழுதித் தாங்க, போடுறம்" என்றார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தந்திக் கம்பி இழுத்தே காலத்தைப் போக்கியவன். ஆனாலும் அந்தச் சவர்க்காரப் பெட்டி பாடியதைக் கேட்டதும் எனக்கு வேறொரு பெட்டி நினைவுக்கு வந்தது. பிள்ளையார் துணை நிற்க, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் தந்தி இலாகாவில் லைன் வேலைக்குச் சேர்ந்தேன். கம்பம் ஏறப் பழகியது, கம்பி முறுக்கப் பழகியது, குளவி கொட்டி விழுந்தது எல்லாம் எல்லா லைன்காரருக்கும் உள்ள கதைதான். அதை விடுகிறேன். என்னை வேலைக்காரன் ஆக்கியவர் எங்கள் இன்ஸ்பெக்டர் ரொசைரோ ஐயா. போர்த்துக்கீசர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கிக் குடும்பம். வீட்டில் தங்கள் பாஷை பேசுவார்கள், வெளியில் எங்களைப் போலவே கதைப்பார்கள். ஞாயிறு பூசைக்குப் போய் வந்தால் வயலினை எடுத்துவிடுவார்.

பழுதான கருவி முன்னால் அவர் நிற்கும் விதமே தனி. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். எங்களையும் அப்படியே நிற்கச் சொல்வார்.

"கை முந்தினா புத்தி பிந்தும். முதல்ல கைய அடக்கு. கடைசியா இது எப்ப ஒழுங்கா வேல செஞ்சது, அத யோசி" என்பார்.

அதற்குப் பிறகுதான் தேட விடுவார். தேடுவதிலும் ஒரு முறை உண்டு. எல்லாரும் கம்பத்து உச்சியில் இருந்து தொடங்குவார்கள். அவர் கீழே, கம்பி மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் இருந்து தொடங்கச் சொல்வார். தந்தியில் ஒரு கம்பிதான் போகும். மின்சாரம் அந்தக் கம்பி வழியாகப் போய் மண் வழியாகத் திரும்பி வரும். "போறத எல்லாரும் பாப்பாங்க. திரும்பி வாறத ஆரும் பாக்கிறல்ல. மண்ணில இருந்து தொடங்கு" என்பது அவருடைய வாய்ப்பாடு.

வேலைக்கு வெளியே அவருக்கு இருந்த பைத்தியம் எனக்கும் தொற்றியது. சுருட்டுப் பெட்டிக்குள் ஒரு ஈயக்கல்லை வைத்து, அதை மெல்லிய கம்பி முனையால் தடவித் தடவிக் கடலில் போகும் கப்பல்களின் தந்தி ஓசையை எடுப்பார். பற்றரி கிடையாது, ஒன்றும் கிடையாது. காதில் வைக்கும் குழாய் ஒன்றுதான் இருந்தது. அதைப் பித்தளைச் சட்டிக்குள் வைத்தால் சுற்றி இருக்கிற எல்லாருக்கும் கேட்கும். முதல் நாள் அந்தச் சட்டிக்குள் இருந்து 'டிட் டிட்' என்று வந்தபோது நான் என்னையறியாமல் கும்பிட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "கும்பிடுறதில பிழையில்ல. ஆனா மறுகா அந்தக் கல்லில வேற இடத்த நோண்டிப் பார், இன்னும் நல்லாக் கேக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு என் வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக உருமாறத் தொடங்கின. மனைவி அன்னப்பிள்ளையின் ஊறுகாய்ச் சாடிகள் பற்றரிகளாயின. சாடியில் நவச்சாரம் கரைத்த தண்ணீரை விட்டு, நடுவில் கரித்தண்டு நிற்கும் மண்குடுவையையும் பக்கத்தில் துத்தநாகத் தண்டையும் வைத்தால் மின்சாரம் வரும். சாடியின் விளிம்பில் மெழுகு தடவ மறக்கக் கூடாது, மறந்தால் உப்பு ஊர்ந்து ஏறி வெளியே வழிந்துவிடும்.

"மாங்காய் போட வச்ச சாடியில கரியப் போட்டிருக்கீங்க. சோத்துக்கு அதையா தொட்டுத் தின்னப் போறீங்க?" என்று அன்னப்பிள்ளை கேட்பாள். வாசல் கதவில் நான் பூட்டிய மணி அடித்த நாளில் இருந்து அவளும் வாயைக் குறைத்துக்கொண்டாள். யார் வந்தாலும் குசினியில் இருந்தபடியே அறிந்துகொள்வது அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

இப்போது கதிராமத்தம்பி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. பட்டணமும் ஆசுப்பத்திரியும் எழுவான்கரையில். வயல் வட்டைகளும் வெல்லாவெளிப் பக்கத்து ஊர்களும் படுவான்கரையில். நடுவில் பாலம் கிடையாது. தோணிகளைச் சேர்த்து மேலே பலகை அடித்த மிதவைதான் ஆட்களையும் மாட்டுவண்டிகளையும் ஏற்றி இறக்கியது. அதைப் 'பாதை' என்போம். எங்கள் துறையில் பாதையைத் தள்ளியவர் கதிராமத்தம்பி அண்ணன். அவருடைய குடில் எழுவான்கரையில் இருந்தது. மறுகரைக்கு வருகிறவர்கள் வாயில் கையைக் குவித்து "ஓ... பாதை!" என்று கூவுவார்கள். அவர் எழுந்து போவார்.

நாடெங்கும் காய்ச்சல் பரவிய ஆண்டில் அவரும் படுத்தார். குயினைன் மருந்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுக் காதை எடுத்துக்கொண்டது. எழுந்து வந்தபோது அவருக்கு எங்கள் வாய்கள்தான் அசைந்தன. சத்தம் இல்லை. களுதாவளைப் பிள்ளையாருக்கு வெள்ளியால் ஒரு காது செய்வித்து நேர்ந்து வைத்தார். காது திறந்தால் கொண்டுபோய்ச் செலுத்துவதென்று எண்ணம். அதை ஒரு சிவப்புத் துணியில் சுற்றி, குடிலின் முகட்டு வளையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

காது திறக்கவில்லை. அதனால் அவர் கண்ணால் பாதை ஓட்டினார். குடில் வாசலில் குந்தி மறுகரையையே பார்த்தபடி இருப்பார். சோறு தின்னும்போதும் அப்படித்தான். அங்கே வெள்ளையாக ஏதாவது அசைந்தால் கோலைத் தூக்குவார். சில நேரம் அது கொக்காக இருக்கும்.

ஆனாலும் வெயில் கண்ணைக் கூசும் நேரம் இருக்கிறது, பனிமூட்டம் இருக்கிறது. முறைப்பாடுகள் போயின. பாதைக்குப் பொறுப்பான ஓவசியர் கெட்ட மனிதர் அல்ல. இருந்தாலும் வந்து சொல்லிவிட்டார்: "நான் என்ன செய்யிற? காது கேக்காதவர வச்சுக்கொண்டு துறை நடத்த ஏலாது. மாரிக்கு முதல் வேற ஆளப் போடப்போறன்."

கதிராமத்தம்பி அண்ணனுக்கு வயல் இல்லை, வலை இல்லை. மனைவியை அந்தக் காய்ச்சலிலேயே பறிகொடுத்திருந்தார். பாதைதான் அவருக்கு எல்லாம்.

அந்த நாட்களில் ஒருமுறை படுவான்கரையில் கம்பி பார்த்துவிட்டு, பொழுது சாயும் நேரம் அவருடைய பாதையில் தனியாகத் திரும்பி வந்தேன். காற்றில்லை. நடு வாவியில் பாதையை நிறுத்தி, சவள் துடுப்பை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டார். அதன் மேல் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"என்ன அண்ணே, பல்லுக் குத்துறதுக்குச் சவள்தானா கிடைச்சது?" என்று பகிடியாகக் கேட்டேன். அவருக்குக் கேட்காது என்பதை மறந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வாயை எடுத்தார். "பாடுது தம்பி" என்றார். காது கேளாதவர்களின் உரத்த குரல் அது. "மேல ஒரு சத்தமும் இல்ல. கீழ பாடுது."

எங்கள் வாவியில் மீன் பாடும் என்பதும், துடுப்பை நீரில் விட்டுக் காதை வைத்தால் கேட்கும் என்பதும் ஊரறிந்ததுதான். இவர் காது போன பிறகு பல்லால் கேட்கிறார். மறுநாள் இதை ரொசைரோ ஐயாவிடம் சொன்னேன். அவர் வயலினின் அடிக்கட்டையைக் கடித்துக்கொண்டு வில்லை இழுத்தார். பிறகு என்னிடம் தந்தார். காது இரண்டையும் பொத்திக்கொண்டு நானும் கடித்தேன். மண்டைக்குள் வயலின் வாசித்தது.

"அவருக்குக் காதுதான் இல்ல, தம்பி. எலும்பு இருக்கு" என்றார் ஐயா.

அப்படித்தான் அந்த வேலை தொடங்கியது. ஐயா மேலிடத்தில் எழுத்தில் அனுமதி கேட்டுக் கழித்த இரும்புக் கம்பிச் சுருள் ஒன்றைப் பெற்றார். வாவி அங்கே ஆழமில்லை. கண்டல் மரக் கம்புகளை நட்டு, உடைந்த பீங்கான் குமிழ்களை ஏற்றி, தோணி கீழே போகும் உயரத்தில் கம்பியை இழுத்தோம். கம்பி ஒருவழிக்குத்தான் காணும். திரும்பி வருவதற்கு வாவித் தண்ணீர் இருக்கிறதே! இரு கரையிலும் செப்புத் தகடு ஒன்றைத் தண்ணீருக்குள் இறக்கினோம். அன்னப்பிள்ளையின் ஓட்டைக் குடத்தைத் தட்டி விரித்த தகடுகள் அவை.

மறுகரையில் அமத்துவதற்கு ஒரு பித்தான். இந்தக் கரையில் என்னுடைய சாடிகள். மணியில் இருந்து கிண்ணத்தைக் கழற்றிவிட்டு, சுத்தியல் முனையை நீட்டி, அண்ணன் குந்தியிருக்கும் மரவாங்கின் அடியில் பொருத்தினோம். மறுகரையில் அமத்தினால் சுத்தியல் வாங்கின் பலகையைக் கீழிருந்து படபடவென்று அடிக்கும்.

முதல் தரம் அது அடித்தபோது கதிராமத்தம்பி அண்ணன் துள்ளி எழும்பி, வாங்கைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். மறுபடி அடித்தது. இரண்டு கைகளாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

அந்தக் கோடை முழுவதும் ஊரில் இதே கதைதான். "கதிராமத்தம்பிய எழுப்ப முந்தி அவர்ட பொண்டாட்டியாலயும் ஏலாம இருந்தது. இப்ப வாங்கு உதைச்சு எழுப்புது" என்று பகிடி பண்ணினார்கள். அவரும் விடமாட்டார். "அமத்தினது ஆரெண்டு உதையிலயே தெரியும் எனக்கு. போடியார் அமத்தினா நீட்டி உதைக்கும். மாமியார் வீட்டுக்குப் போற மருமகன் அமத்தினா ஒளிச்சு ஒளிச்சு உதைக்கும்" என்பார். ஓவசியர் ஒருநாள் வந்து, தானே அமத்திப் பார்த்துவிட்டு, வேறு ஆள் என்ற பேச்சை விட்டுவிட்டார்.

மாரி வந்தது. இரவு பகலாகக் கொட்டியது. மலைப்பக்கத்து வெள்ளமும் சேர்ந்து வாவி கரையேறியது. அப்படி ஒரு மழைநாளில், வெல்லாவெளிக்கு அங்காலிருந்து, பெரிய வயல்காரரான ஒரு போடியார் பிள்ளைப்பேற்று நோவில் துடித்த மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மறுகரைக்கு வந்தார். பித்தானை அமத்தினார். மீண்டும் மீண்டும் அமத்தினார். கூவினார். பாதை அசையவில்லை.

கதிராமத்தம்பி அண்ணன் அப்போது வாங்கில்தான் குந்தியிருந்தார். மழைக்கு முதுகைக் கொடுத்து, மறுகரைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். வாங்கு உதைக்கவில்லை. மீன்பிடிக்கும் ஒருவர் தோணியில் வந்து தோளைத் தட்டிய பிறகுதான் பாய்ந்து போனார். அதற்குள் சாக்குப் போர்வைக்குக் கீழே, வண்டிக்குள்ளேயே பிள்ளை பிறந்துவிட்டது. கடவுள் புண்ணியத்தில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

போடியார் நேரே ஓவசியரிடம் போனார். "என்ட மகள் மாட்டுவண்டிக்குள்ள, மழைக்குள்ள கிடந்து பெத்தாள். செத்திருந்தா ஆர் மறுமொழி சொல்லுற? அந்த வாங்கா?" என்று கேட்டாராம். நியாயமான கேள்வி.

நான் ஓடிப்போய்ச் சாடிகளைப் பார்த்தேன், புதுத் தண்ணீர் விட்டேன், தோணியில் போய் ஒவ்வொரு பீங்கானாகத் துடைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ரொசைரோ ஐயா குடையோடு வந்தார். கரையில் நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கடைசியா எப்ப வேல செஞ்சது?"

"மழை பிடிக்க முதல் ஐயா."

"மண்ணில இருந்து பாத்தியா?"

"இதில மண் எங்க ஐயா? தண்ணிதானே."

அவர் குனிந்தார். வாவிக்குள் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். பிறகு, "நக்கிப் பார்" என்றார்.

நக்கினேன். உப்பே இல்லை, கிணற்றுத் தண்ணீர் போல இருந்தது.

எங்கள் வாவியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோடையில் அது உப்புக் கரிக்கும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் நன்றாக ஓடும். மாரியில் மழைவெள்ளம் வந்து நிறைத்துவிடும். கடல் முகத்துவாரத்தை மணல் மூடியிருப்பதால் உப்பு உள்ளே வராது, நல்ல தண்ணீராகிவிடும். வயல் தாழாமல் இருக்க ஆட்கள் கூடி முகத்துவாரத்தை வெட்டிவிட்ட பிறகுதான் வெள்ளம் வடிந்து, உப்பு மெல்ல மெல்லத் திரும்பும். இதெல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. எங்களுக்கும் தெரியும். ஆனால் வாவி என்றால் உப்பு என்று வாய் பழகியதுபோலவே கையும் பழகிவிட்டது. கோடையில் கட்டிய வேலை கோடைக்கு மட்டும் நின்றது.

"முகத்துவாரம் வெட்டினா எல்லாம் சரிவரும்" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார்.

"பாதை அந்தர அவசரத்துக்குத் தேவைப்படுறது மாரியிலதானே. மாரியில செத்துக்கிடக்கிற மணி எதுக்கு?" என்றார் ஐயா.

அப்போது கதிராமத்தம்பி அண்ணன் குடிலில் இருந்து வந்தார். நாங்கள் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. அவர் தான் சொல்ல வந்ததைச் சொன்னார்.

"ஐயா, நான் பாதைய விடப்போறன். அந்தப் போடியார் சொன்னது சரி. முந்தி நான் மறுகரையையே பாத்துக்கொண்டு இருப்பன். கொக்கு அசைஞ்சாலும் தெரியும். நீங்க இதப் பூட்டித் தந்த பிறகு, அது உதைக்கும் எண்டு நம்பி மறுபக்கம் பாத்துக்கொண்டு இருந்திட்டன். நம்பாம இருந்திருந்தா அந்தப் புள்ளையக் கண்டிருப்பன்."

சஞ்சிகை நடத்தும் பிள்ளைகளே, என் வேலைக்காலம் முழுவதிலும் என்னை உலுக்கிய சொல் அதுதான். கருவி ஒன்றைச் செய்து ஒருவர் கையில் கொடுக்கும்போது, அவர் முன்பு வைத்திருந்த ஒன்றை அது எடுத்துவிடுகிறது. இவரிடம் கண் இருந்தது. நாங்கள் அதை எடுத்துவிட்டு வாங்கைக் கொடுத்தோம்.

ரொசைரோ ஐயா அவருடைய கையைப் பிடித்து, ஓவசியர் வரும்வரை பொறுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். திரும்பி நடக்கும்போது என்னிடம், "இது சாகிறது பிழையில்ல. சத்தமில்லாமச் செத்ததுதான் பிழை. சாகும்போது கத்த வேணும்" என்றார்.

அடுத்த நாட்கள் அவர் வீட்டு மேசையில் போயின. முறையை அப்படியே தலைகீழாக்கினார். முன்பு அமத்தினால்தான் மின்சாரம் ஓடும். இனிமேல் எந்நேரமும் சிறிது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அமத்தினால் அது நிற்க வேண்டும். அந்தச் சிறு மின்சாரம் ஒரு காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். காந்தம் ஒரு இரும்பு நாக்கைப் பிடித்து வைத்திருக்கும். மின்சாரம் நின்றால் நாக்கு விடுபட்டு, பின்னால் இருக்கும் தகட்டில் போய் ஒட்டும். ஒட்டியதும் வேறு சாடிகளின் பலத்தில் சுத்தியல் அடிக்கும். பித்தானை அமத்தினாலும் அடிக்கும், கம்பி அறுந்தாலும் அடிக்கும், தண்ணீர் கைவிட்டாலும் அடிக்கும். ஓயாமல் ஓடும் மின்சாரத்துக்கு நவச்சாரச் சாடி தாங்காது என்று, நீலத் துருசு கரைத்த சாடிகள் செய்தோம். உப்பில்லாத தண்ணீரில் வரும் சொற்ப மின்சாரமே காந்தத்துக்குப் போதும்படி, செத்துப்போன தொலைபேசிக் குழாயில் இருந்த முடி போன்ற கம்பியைப் பல சுற்றுச் சுற்றினோம். நாக்கை இழுக்கப் பழைய கைக்கடிகாரத்தின் சுருள்.

எல்லாம் கிடைத்தது, அந்தத் தகட்டைத் தவிர. "இந்த உப்புக் காத்தில செம்பு பச்சை பிடிக்கும், இரும்பு துருப்பிடிக்கும். நாக்கும் தகடும் முட்டுற இடத்தில வெள்ளி வேணும்" என்றார் ஐயா.

"வெள்ளிக் காசு ஒண்ட வெட்டுவமா ஐயா?"

"ராசாட தலை இருக்கு அதில. அவர்ட தலைய வெட்டினா என்ட தலை போகும், உத்தியோகமும் போகும்."

சொல்லிவிட்டு வயலினை எடுத்தார். தடித்த தந்தியின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பி சுற்றியிருக்கும். அதைப் பிரித்து இரும்பு நாக்கின் நுனியில் சுற்றினார். கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு அதிக நாள் இல்லை. அந்த நத்தாருக்கு மூன்று தந்தியோடுதான் அவர் வாசித்தார். நாக்குக்கு வெள்ளி வந்துவிட்டது, தகட்டுக்கு இல்லை.

இதைக் கதிராமத்தம்பி அண்ணனிடம் கையாலும் வாயாலும் விளங்கப்படுத்தினேன். அவர் முகட்டு வளையில் இருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து, வெள்ளிக் காதை என் கையில் வைத்தார்.

நான் அதைத் திருப்பி நீட்டினேன். "அண்ணே, இது பிள்ளையார்ட சாமான்."

என் முகத்தைப் பார்த்தே அவர் விளங்கிக்கொண்டார். "கேக்க வேணும் எண்டுதானே நேர்ந்தன். கேக்கிறதுக்குத்தானே கேக்கிறீங்க" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுபோய் அன்னப்பிள்ளையிடம் சொன்னேன். அவள் முதலில் கையை உதறினாள். "நேர்ந்த பொருள நமக்கெண்டு எடுக்கப்படா." பிறகு காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குளித்து வந்து, மஞ்சள் துணியில் ஒரு சதக் காசை முடிந்து, சாமித்தட்டில் வைத்தாள். "அப்பனே, உன்ட காது தவணையில போகுது. வேல முடிஞ்சதும் வெட்டாம, குறைக்காம கொண்டுவந்து தருவம்" என்று என் சார்பிலும் சேர்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் எனக்குக் கை ஓடியது. காதை வெட்டவில்லை. தொங்கவிட இருந்த துளையிலேயே திருகாணியை ஏற்றிப் பெட்டிக்குள் நிறுத்தினோம். நாக்கு விடுபட்டால் காது மடலில் போய்த் தொடும்.

ஓவசியர் வந்த நாளிலும் வாவி நிறைந்துதான் கிடந்தது. உப்பு இல்லை. அவரோடு போடியாரும் வந்திருந்தார். நானும் ஐயாவும் அவர்களோடு படுவான்கரையில் நின்றோம். அண்ணன் மறுகரையில், வேண்டுமென்றே எங்களுக்கு முதுகைக் காட்டி வாங்கில் இருந்தார்.

ஓவசியர் பித்தானை அமத்தினார். மறுகரையில் உருவம் எழுந்தது. பாதை புறப்பட்டு நடு வாவிக்கு வந்தது. ஓவசியர் தலையாட்டினார். போடியார் ஆட்டவில்லை.

"கோடையிலயும் இப்பிடித்தானே வேல செஞ்சது" என்றார் அவர்.

"சரியாச் சொன்னீங்க போடியார்" என்ற ரொசைரோ ஐயா, அண்ணனைத் திரும்பிப் போகும்படி கையசைத்தார். அவர் போய் மறுபடி வாங்கில் அமர்ந்ததும், கம்பி வெட்டும் என் குறட்டை வாங்கிப் போடியார் கையில் கொடுத்தார். "இப்ப கம்பிய வெட்டுங்க."

போடியார் திகைத்தார். ஐயா கண்ணைக் காட்டினார். போடியார் வெட்டினார். கம்பி சுருண்டு தண்ணீரில் விழுந்தது.

மறுகரையில் உருவம் துள்ளி எழுந்தது. வாங்கைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, கோலை எடுத்தது. வெள்ளத்து இழுவையில் பாதை அவ்வளவு கெதியாக வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கரை தட்டுமுன்பே அவர் கத்தினார்:

"ஆருக்கு என்ன? விடாம உதைக்குது! ஆருக்கு என்ன?"

யாருக்கும் ஒன்றுமில்லை என்று கண்டதும், மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு போடியாரைக் கண்டார். தலை குனிந்தது. "பேரப்புள்ள சுகமா?" என்று கேட்டார்.

போடியார் இறங்கிப் பாதையில் ஏறி, அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மற்றக் கோலைக் கையில் எடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்துதான் அன்றைக்குப் பாதையைத் தள்ளினார்கள். ஓவசியர் வேறு ஆள் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

அண்ணன் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். விடிந்ததும் திருநீறு பூசி, கிழக்கே கும்பிட்டுவிட்டு, பெட்டியைத் திறந்து இரும்பு நாக்கை விரலால் வெள்ளிக் காதில் தொடுவிப்பார். வாங்கு உதைத்தால் அன்றைய நாள் தொடங்கும். அது மட்டுமல்ல, முகத்தையும் மறுபடி மறுகரைப் பக்கம் திருப்பிவிட்டார். வாங்கு இருந்தாலும் கண் வேறு பக்கம் போகவில்லை.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் முழுவதும் அந்தப் பெட்டி வேலை செய்தது. சண்டை முடிந்து சில காலத்தில் அவருக்குக் கை தளர்ந்தது. நல்ல காதுள்ள ஒருவர் துறைக்கு வந்தார். பெட்டியைக் கழற்றி என்னிடம் தந்தார்கள். ரொசைரோ ஐயா அப்போது உயிரோடு இல்லை. அவருடைய வயலின் தந்தியின் சிறு சுருள் இன்னும் அந்த நாக்கு நுனியில் இருக்கிறது. அதை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

திருகாணியைக் கழற்றிக் காதை எடுத்தேன். அன்னப்பிள்ளை மஞ்சள் துணியை எடுத்தாள். கதிராமத்தம்பி அண்ணனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு களுதாவளைக்குப் போனோம்.

கோயில் பொறுப்பில் இருந்த வண்ணக்கர் காணிக்கைத் தட்டை நீட்டினார். அதில் புதிய வெள்ளிக் கண்களும் கைகளும் கால்களும் பளபளவென்று கிடந்தன. அண்ணன் தன் காதை வைத்தார். மடலில், வெள்ளிக் கம்பி தொட்டுத் தொட்டுப் பொறி பறந்த இடம் கறுத்து, குழி விழுந்திருந்தது. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

வண்ணக்கர் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். முகம் சுளித்தார். "நேர்கடனுக்குப் பழசா கொண்டு வாற? இது பாவிச்ச சாமான் போல கிடக்கு."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன், அவருடைய முகத்தையும் விரலையும் பார்த்துக் கேள்வியைப் பிடித்துவிட்டார். கோயில் முழுவதும் கேட்கும் அந்தக் குரலில் சொன்னார்:

"ஓம் வண்ணக்கர், பாவிச்சதுதான். மற்றதெல்லாம் புதுக் காது. இது கேட்ட காது."

வண்ணக்கர் அந்தக் காதைத் தட்டில் வைக்காமல், கையிலேயே ஏந்திக்கொண்டு உள்ளே போனார்.